கரண்டோடு இறங்கிய குரல்

போட்டுகள் வந்து அணையும் ஜெட்டியில் டிக்கெட் கவுண்டருக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அது எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கும் மாமா காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அந்தக் கடிகாரத்துக்கு ஏற்றபடி திருப்பி வைப்பார். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் திருப்புவார். அத்தையின் சமையலறைக் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுகிற ஜாதி.

"இதுல எது மாமா சரியான மணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க நிக்கிறேனோ, அங்க இருக்கிற மணி."

"அப்ப உங்க வாட்ச் எதுக்கு?"

"திருப்பி வைக்கிறதுக்குத்தான் பாப்பா."

அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. லம்பா லைன் என்கிற எங்கள் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீடு. தீவுகளுக்கு இடையே ஓடும் போட்டுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை. அதைத் தவிர கிதார் வாசிப்பார், பாடுவார். போன வருடம் இறந்துபோனார். அவர் பாடியதற்குச் சாட்சியாக ஒரே ஒரு கேசட் இருக்கிறது. முதல் வருட நினைவு நாள் நெருங்கியபோது அத்தை அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். போட்டில் போகவேண்டிய ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்திருந்த மாமாவின் தம்பி அதை ஒரு பழைய டேப்பில் போட்டுக் கேட்டுவிட்டு, "அரே பாபி, இது அண்ணன் ஆவாஸே இல்ல. வேற யாரோ பாடுறான்" என்று அண்ணியிடம் பாதி இந்தியில் சொல்லிவிட்டாராம். அத்தைக்கும் கேட்டபோது அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ கரண்டு படிச்சவதான? இத அவிய குரலா ஆக்கித் தா" என்றாள். "நாள் அன்னைக்கு எல்லாரும் வருவாவ. பேத்தி அவிய பாடிக் கேட்டதே இல்ல. வேற யாரு குரலையோ போட்டுக் காட்டுனா நல்லாவா இருக்கும்?"

நான் மின்துறையில் இளநிலைப் பொறியாளர். ஒலிப்பதிவு என் துறை அல்ல. ஆனால் சிக்கலைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் எதுவும் தீரும் என்று நம்புகிறவள். கேசட்டை வாங்கிக்கொண்டேன்.

*

பிரிக்கவேண்டிய முதல் பகுதி, அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பது.

கல்யாணமான புதிதில் மாமாவுக்குக் கார் நிக்கோபார் தீவில் போஸ்டிங். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், சாமான்களைக் கப்பலில் ஏற்றும் செலவுக்குப் பயந்து, எல்லாவற்றையும் குவார்ட்டர்ஸ் வாசலில் பரப்பி விற்றுவிடுவது இங்கே வழக்கம். எங்கள் தீவுகளில் பாதி வீடுகளின் கட்டிலும் சைக்கிளும் மிக்சியும் ஒரு காலத்தில் வேறு யாருடையவோ. அப்படி ஓர் அதிகாரி கிளம்பும்போது பரப்பிய கடையில் மாமா ஒரு கிதாரும், ரெக்கார்டு பிளேயரும், அதற்குள்ளேயே மாட்டியிருந்த ஒரே ஒரு இசைத்தட்டும் வாங்கினார். கட்டில் வாங்கத்தான் அவரை அனுப்பினேன் என்று அத்தை இன்றைக்கும் சொல்வாள்.

தட்டுக்கு உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கடல்காற்றில் உப்பி உரிந்துவிட்டது. பாடியவர் அமெரிக்காவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு கறுப்பின மனிதர், மிகப் பழைய காலத்தவர் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஒரு கிதார், ஒரு குரல், பின்னால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சல், அவ்வளவுதான். ஒரு வரியைப் பாடுவார், அதே வரியை மறுபடி பாடுவார், மூன்றாவதாக வேறொன்றைச் சொல்லி முடிப்பார். மாமாவுக்கு அவர் பெயர் தெரியாது. 'பெரியவர்' என்பார். பெரியவர் என்ன பாடுகிறார் என்பதும் முக்கால்வாசி புரியாது. ஆனால் பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்வார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மழைக்காலத்தில் கப்பல் வராத ஊர்க்காரர், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.

"இதெல்லாம் பாட்டுல இருக்கா மாமா?"

"மூச்சு விடறதுல இருக்கு."

கிதாரை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தட்டு சுழலும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அதிலிருந்து வரும் ஓசையோடு தன் கம்பி ஒத்துப்போகும்வரை திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பார். கேட்பதற்குப் பல்வலி மாதிரி இருக்கும். ஒத்துப்போன நொடியில் கண்ணை மூடிக்கொள்வார்.

*

அடுத்தது கரண்டு.

அப்போதெல்லாம் எங்களுக்கு டீசல் ஜெனரேட்டர் மின்சாரம்தான். எங்கள் தெரு லைனின் கடைசி முனை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் டிவியும் ஓட ஆரம்பித்தால் எங்கள் பக்கம் பல்பு ஆரஞ்சு நிறமாகிவிடும். மாமாவின் ரெக்கார்டு பிளேயர் நேராகச் சுவரில் சொருகுகிற சாதா மோட்டார் வைத்தது. கரண்டு இறங்கினால் அதுவும் மெதுவாகும். தட்டு மெதுவாகச் சுற்றினால் குரல் கனத்து, தாழ்ந்து, இழுபடும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலத்தில் ஒரு மாதிரியும் பாடுவார். காலையில் கம்பிகளை இறுக்குவார், சாயங்காலம் தளர்த்துவார். மழைக்காலத்துச் சாயங்காலங்களில் கம்பி கிட்டத்தட்டத் தொங்கும். அவருடைய குரல் எங்கிருந்தோ தரைக்கடியிலிருந்து வரும்.

"காலையில பெரியவர் தெம்பா இருக்கார்" என்பார். "பொழுது சாஞ்சா பாவம், ஓஞ்சு போறார். வேல செஞ்ச ஒடம்புல்ல."

மெயின்லேண்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது லீவில் வந்து, மோட்டாரையும் வோல்டேஜையும் பற்றி அவருக்கு நிதானமாக விளக்கினேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

"சரி, ஒத்துக்கறேன். கரண்டு எறங்குது, அதனால அவர் எறங்குறார்."

"அவர் இறங்கல மாமா. மெஷின் இறங்குது."

"கரண்டு எறங்கினா நீ எறங்கல? ஃபேன் சுத்தலன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்க. அவர் மட்டும் ஏன் எறங்கக் கூடாது?"

 

வேலையில் சேர்ந்த பிறகு எங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. சாயங்காலமும் பல்பு வெள்ளையாக எரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவரோரம் வந்து மெதுவாகக் கேட்டார். "ஜேஈ மேடம், பெரியவருக்கு என்ன ஆச்சு? சாயங்காலமும் தெம்பா இருக்கார். என்னால அவர்கூட நிக்க முடியல." அதற்குப் பிறகு அவர் சாயங்காலத்தில் பாடுவது குறைந்து, நின்றேபோய்விட்டது.

பின்னொரு நாள், தட்டின் ஒலியைக் கைபேசியில் பிடித்து, இணையத்தில் தேடி, அந்தப் பெரியவர் யார் என்று கண்டுபிடித்தேன். மாமாவுக்குக் காட்டவேண்டும் என்று ஒரே பரபரப்பு. இரைச்சல் நீக்கி, வேகம் திருத்தி, யாரோ பொறுப்பாக வெளியிட்டிருந்த பதிவை அவர் காதருகே வைத்தேன். பாட்டு முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"நல்லா பாடறார். யார் இது?"

"உங்க பெரியவர்தான் மாமா."

"அப்படியா" என்று சொல்லி, அதற்குமேல் எதுவும் கேட்காமல் கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

அவரைக் குழப்பியது போதாதென்று நானும் குழம்பினேன். அந்தப் பாடகரைப் பற்றி எழுதியவர்கள் எதிலும் ஒத்துப்போகவில்லை. பிறந்த வருடம் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறு. புதைத்த இடம் தெரியாது. முதலில் பதிவு செய்தபோதே எந்திரம் தப்பான வேகத்தில் ஓடியிருக்கலாம், உண்மையில் அவர் குரல் இன்னும் கனமானது என்று ஒரு தரப்பு. அப்படியானால் எங்கள் தெருவின் கடைசி முனையில், ஆரஞ்சு பல்பு வெளிச்சத்தில் கேட்ட குரல்தான் நிஜமாக இருக்குமோ? எனக்குத் தெரியவில்லை.

*

கேசட்டுக்கு வருவதற்கு முன் கவுண்டரைச் சொல்லவேண்டும்.

கடல் கொந்தளித்தால் போட் ரத்தாகும். அறிவிப்பு வந்ததும் ஜெட்டியில் இருக்கிற எல்லோரும் மாமாவைத்தான் திட்டுவார்கள். ஒரு நாள் நானும் ரங்கத் போகிற வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வங்காளக்காரர் கம்பிக்குள் கையை விட்டு மேஜையைத் தட்டினார். "கல் பீ கேன்சல், ஆஜ் பீ கேன்சல்! தும் லோக் கியா கர்தா ஹை?" நேற்றும் ரத்து, இன்றும் ரத்து, என்னதான் செய்கிறீர்கள் என்று கோபம். மாமா அதே குரலில், அதே வங்காளி இழுப்போடு, அதே கோபத்தோடு திருப்பிக் கத்தினார். "ஹாம் போல்தா ஹை நா! ஹாம் பீ தோ பைட்டா ஹை!" நானும்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று. அந்த மனிதர் ஒரு நிமிடம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தணிந்து, "தாதா, ஆப் திக்லிபூர் கா ஹை?" என்று கேட்டார்; அண்ணே, நீங்களும் வங்காளிகள் குடியேறிய திக்லிபூர்க்காரரா என்று.

"ஹாம் திக்லிபூர்" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல்.

அடுத்து நின்ற மலையாளிப் பெண்மணியிடம் அவர் கொல்லத்துக்காரர். அதற்கடுத்த தெலுங்கு மேஸ்திரியிடம் 'மன ஊரு', நம்ம ஊர்க்காரர். ஏமாற்றுவதாக யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அவர் எதையும் அடைய அதைச் செய்யவில்லை. எதிரில் நிற்பவரின் ஓசை அவருக்குள் போய், அதே ஓசையாக வெளியே வரும்.

கூட்டம் கலைந்த பிறகு கவுண்டருக்குள் உட்கார்ந்து பெரியவரின் மெட்டில் முணுமுணுப்பார்.

காலையில வர்றேன்னு சொன்ன கப்பல் காணோம்,
ஆமா, காலையில வர்றேன்னு சொன்ன கப்பல் காணோம்,
கடலுக்கு எம்மேல கோவம், கவுண்டருக்கு வெளியவும் கோவம்.

அவர் இறந்த அன்று வீட்டில் நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி எடுப்பது, யார் முறைப்படி செய்வது என்று வாசலில் மெல்லிய குரலில் விவாதம். ரங்கத் தம்பி திகைத்துப்போய், "அரே பாய், நாங்க தமிழ்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் தமிழில் பாதி இந்தி. மாமாவும் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தானே? ஆனால் அவர் அத்தையிடம் பேசியது சுத்தமான தூத்துக்குடித் தமிழ். அது அத்தையின் ஊர்.

இதைப் பற்றி அத்தை கேசட்டைக் கொடுத்த அன்றுதான் பேசினாள்.

"எங்கூட அவிய எங்க அம்மை வீட்டுப் பேச்சத்தான் பேசுனாவ, கல்யாணம் முடிஞ்ச மறுநாள்லருந்தே. எனக்கு அப்ப சந்தோசமா இருந்துச்சு. கடல் தாண்டி வந்தவளுக்கு நம்ம ஊரு பேச்சு கேட்டா எப்படி இருக்கும்? ஆனா ஏட்டி, இப்ப யோசிக்குதேன். அவிய பேச்சு எது? ஒரு நாளும் நான் கேக்கலியே."



"பாடும்போது மட்டுந்தான் அவிய யாருக்கும் ஏத்தாப்புல பேசல. அதான் இந்தக் கேசட்டு வேணுங்கேன்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அத்தை, பாடும்போதுதான் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாக வேறொருவருக்கு ஏற்றபடி இருந்தார் என்று எப்படிச் சொல்வது? பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

*

கேசட்டைக் கணினியில் ஏற்றிக் கேட்டேன். பின்னணியில் தட்டு சுழல்கிறது, அதோடு சேர்ந்து மாமா பாடுகிறார். இரண்டு குரல்கள் பின்னிக் கிடக்கின்றன, பல இடங்களில் யார் யார் என்று பிரிக்க முடியவில்லை. எல்லாமே வேகமாக, மெல்லிய சன்னக்குரலில் வருகிறது. ஏன் என்று ஊகிப்பது எளிது. மாமா தன் டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டுப் பதிவு செய்திருக்கிறார். பேட்டரி ஓய்ந்துபோயிருக்கும், டேப் மெதுவாக ஓடியிருக்கும். மெதுவாகப் பதிந்ததை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் சன்னமாகத்தான் வரும். எனவே வேகத்தைக் குறைக்கவேண்டும். கேள்வி, எவ்வளவு என்பது.

அளந்து பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும். உண்மையான சுருதி முன்பே தெரிந்த ஓர் ஒலி அந்தப் பதிவுக்குள் இருந்தால் போதும். பட்டியல் போட்டேன். கிதார்: உதவாது, அது தட்டுக்கு ஏற்றபடி திருகியது. தட்டு: உதவாது, அது கரண்டுக்கு ஏற்றபடி சுற்றியது. நடுவில் வீட்டுக்கு மேலே இறங்குகிற விமானம்: என்ன விமானமென்று தெரியாது. குக்கர் விசில்: அந்தக் குக்கர் இப்போது இல்லை. பல்லி: பல்லிக்குச் சுருதி கிடையாது. கடைசியாக மின்சார ரீங்காரம். பிளேயரின் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய 'ம்ம்ம்' பதிவு முழுக்க ஓடுகிறது. மின்சாரத்துக்கு நொடிக்கு ஐம்பது சுழற்சி என்பது நிலையான கணக்கு. அதை வைத்து எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று துள்ளினேன்.

எங்கள் அலுவலகத்தில் பழைய பவர் ஹவுஸில் வேலை பார்த்து இப்போது ஓய்வுபெறப் போகிற சீனியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்து சாயங்கால ஃப்ரீக்வென்சி ஐம்பதுதானே சார்?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அரே பேட்டா, லோடு ஏறினா மீட்டர் முள்ளு எறங்கும். எங்க நிக்குதோ, அன்னிக்கு அதுதான் எங்களுக்கு ஐம்பது."

மாமா சொல்லவேண்டிய வாக்கியம் அது. கரண்டும் மாமா மாதிரியே இருந்திருக்கிறது. தன் மேல் ஏறியதற்கு ஏற்றபடி இறங்கிக்கொண்டு.

மூன்று வேகங்களில் மூன்று பதிவுகள் தயாரித்தேன். ஒன்றில் மாமா இளைஞர், ஒன்றில் நடுவயதுக்காரர், ஒன்றில் பாறைக்குள்ளிருந்து பேசுகிறவர். மூன்றுமே அவர் மாதிரி இருந்தன, மூன்றுமே யாரோ மாதிரியும் இருந்தன. நான் அவரை எத்தனையோ வருடம் கேட்டவள். எனக்கே நினைவில்லை என்பதை ஒப்புக்கொள்ள அவமானமாக இருந்தது.

பிறகுதான் கேசட்டின் இரண்டாம் பக்கத்தைக் கடைசிவரை கேட்டேன்.

பாட்டின் நடுவில் கரண்டு போகிறது. ரீங்காரம் சட்டென்று அறுகிறது. தட்டு தன் வேகத்தை இழந்து சுழன்று நிற்கிறது, ஸ்பீக்கரில் மிச்சமிருந்த கொஞ்சம் மின்சாரத்தில் பெரியவரின் குரல் வழுக்கிக்கொண்டே கீழே போகிறது. அவரோடு சேர்ந்து மாமாவும் கீழே போகிறார். தொண்டை அனுமதிக்கிறவரை, ஒரு கிணற்றுக்குள் கைபிடித்து இறங்குகிற மாதிரி, இறங்கிக்கொண்டே போகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எதுவும் இல்லை. மழைச் சத்தம் மட்டும். டேப் பேட்டரியில் ஓடியதால் பதிவு நிற்கவில்லை.

அந்த அமைதியில் உள்ளேயிருந்து அத்தையின் குரல். "ஏங்க... கரண்டு போயிட்டு. சோறு ஆறுது. வாங்க..."

கொஞ்சம் இடைவெளி. பிறகு மாமா மறுபடி பாட ஆரம்பிக்கிறார். தட்டு இல்லை, கிதார் இல்லை, மின்சாரம் இல்லை. காலையில வர்றேன்னு சொன்ன கப்பல் காணோம். இரண்டு வரி. அவ்வளவுதான். நாற்காலி நகரும் சத்தம், பிறகு டேப்பை நிறுத்துகிற 'டக்'.

இதுதான் என்று நினைத்தேன். ஒத்துப்போக எதுவுமே இல்லாத இடம். அவரே அவராக இருக்கும் ஒரே இடம். அந்த முதல் சுருதியை அளந்தேன். ஏதோ உறுத்தியது. அதற்கு முன்னால் இருந்த ஒலியையும் அளந்தேன். அத்தை 'வாங்க' என்று இழுத்து முடித்த சுருதியும், மாமா தொடங்கிய சுருதியும் ஒன்று.

வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். அப்போதும் ஒன்றுதான். எந்த வேகத்தில் ஓட்டினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அந்தக் கேசட்டில் சந்தேகமில்லாமல் என்னால் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

*

நினைவு நாளுக்கு முந்தின மாலை மடிக்கணினியோடு அத்தையின் வீட்டுக்குப் போனேன். மழுப்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பெரியவரைச் சொன்னேன், கரண்டைச் சொன்னேன், கம்பி தளர்த்தியதைச் சொன்னேன். கடைசியாக அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, இரண்டு சுருதியும் ஒன்று என்று சொன்னேன்.

அத்தை மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் படிக்க முடியவில்லை.

"இருட்டுக்குள்ளயும் எங்கிட்டருந்துதான் எடுத்திருக்காவளா?"

"ஆமா அத்தை."

"அப்ப அவியளுக்குன்னு ஒண்ணும் இல்லியா?"

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோத்துக்குக் கூப்புட்டா பாட்டுப் படிச்சிருக்காவ பாரு" என்று சொன்னாள். திட்டுகிற குரல்தான். உதடு மட்டும் திட்டவில்லை. பிறகு திரையில் இருந்த அலைகோட்டை உற்றுப் பார்த்தாள்.

"இதுல எங் குரலு எலிக்குஞ்சு கத்துத மாதிரி இருக்கு. நான் எங்க இப்படிக் கூப்புட்டேன்?"

"அதுவும் வேகமாத்தான் ஓடுது."

"அப்ப அவிய குரல விடு. எங் குரலச் சரியா வையி. அவிய தானா வந்துருவாவ."

சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். அந்த நாளில் எங்கே நின்று கூப்பிட்டாளோ அங்கே, அடுப்புக்குப் பக்கத்தில், நிலைப்படியைப் பார்த்து நின்றாள். இது அளவுகோலே அல்ல என்று எனக்குத் தெரியும். அது இளவயதுக் குரல், இது அறுபதைத் தாண்டிய குரல். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏங்க... கரண்டு போயிட்டு. சோறு ஆறுது. வாங்க..."

நான் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, பதிவில் அவளைக் கேட்டேன். இன்னும் சன்னமாக இருந்தது.

"இல்ல அத்தை, இன்னொரு தரம் கூப்பிடுங்க."

அவள் கூப்பிட்டாள். நான் இறக்கினேன்.